குமிழிக்கு ஒரு பின்கதவு இருந்தது

எனக்கு எழுபத்து மூன்று வயது முடிந்துவிட்டது. பெற்று வளர்த்தது மூன்று பேர். பெறாமல் சோறு போட்டு வளர்த்தது பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டில் ஒருவன்கூட ஆறடிக்குக் குறைவில்லை. நான் பெற்ற மூன்றும் என் தோளைத் தாண்டவில்லை. எந்த வீட்டுச் சோறு உடம்பில் ஒட்டியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ராக்கம்மாள். ராமநாதபுரம் சுறா கூடைப்பந்து அணி தொடங்கிய நாளிலிருந்து போன வருஷம் வரை அதற்குச் சமையல்காரியாக இருந்தவள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டு வாசிக்கத் தெரியும். அதற்கு மேல் படிப்பு வேண்டியிருக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி கவிநிலா எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் அச்சில் நன்றாக இருக்காதாம். அதனால் என் பேச்சை இஸ்திரி போட்டு எழுதுகிறாள்.

அணிக்குப் பத்து வருஷம் ஆகிறது என்று மலர் போடுகிறார்கள். புது மேனேஜர் தம்பி வீட்டுக்கே வந்து, "ஆத்தா, ஒங்க அனுபவத்த ரெண்டு பக்கம் குடுங்க. சமையல் குறிப்பா இருந்தாலும் சரி" என்று கேட்டுவிட்டு, மலருக்கு அச்சடித்துப் பார்த்த தாள்கள் சிலவற்றையும் வைத்துவிட்டுப் போனார். கவிநிலா வாசித்துக் காட்டினாள். அதில் அணியின் வரலாறு என்று ஒரு பக்கம். முதலாளி அணியைத் தொடங்கியது ஒரு பத்தி. முதலாளி அணிக்குப் பெயர் வைத்தது ஒரு பத்தி. கொரோனா வந்த வருஷத்துக்கு மட்டும் ஒரே வரி. 'வீரர் முனியசாமியின் பொறுப்பின்மையால் நோய் பரவி, அவ்வருடப் போட்டிகள் பாதியில் நின்றன.'

அந்த முனியசாமி மாரியூர்க்காரன். எங்களுக்கு முனீஸ். இப்போது அணியின் சின்னப் பிள்ளைகளுக்குக் கோச்சு வேலை கேட்டு மனுக் கொடுத்திருக்கிறான். மலர் வெளியிடுகிற அன்றைக்கே கமிட்டி கூடி அதை முடிவு செய்யும். இந்த வரி கையில் இருக்கும்போது எந்தக் கமிட்டி அவனிடம் பிள்ளைகளை ஒப்படைக்கும்? ஆகவே சமையல் குறிப்பு இன்னொரு சமயம் தருகிறேன். இந்த வரியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

நான் தொழில் கற்ற கதை சின்னது. சாயல்குடிப் பக்கம் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கப் போனேன். தேய்த்த பாத்திரத்திலேயே பிறகு சமைத்தேன். அப்புறம் முதலாளியின் ஐஸ் பேக்டரி ஆட்களுக்குச் சமைத்தேன். முதலாளிக்கு ஒருநாள் கூடைப்பந்து ஆசை வந்து, சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்து அணி தொடங்கினார். ஐஸ் பேக்டரி ஜெனரேட்டரையும் என்னையும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்.

மெஸ்ஸுக்கார அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. "வாயில வச்சுப் பாக்குறவ சமையக்காரி இல்லடி, சாப்பாட்டுக்காரி." பரிமாறும் முன்னால் ருசி பார்க்கக் கூடாது. எல்லாம் மூக்கால்தான். உப்புச் சேராத குழம்பு கொதித்தால் பச்சைத் தண்ணீர் வாடை வரும். உப்புச் சேர்ந்ததும் அது அடங்கும். கூடிவிட்டால் மூக்கு நுனியில் உறைக்கும். நாற்பது வருஷமாக ஒருநாள்கூட நான் கரண்டியை நக்கிப் பார்த்தது கிடையாது. என் மூக்கை நம்பித்தான் அந்தப் பன்னிரண்டு பேரும் வளர்ந்தார்கள். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பின்னால் இது வேறு விதமாகத் தேவைப்படும்.

கொரோனா வந்து ஊர் பூட்டிக் கிடந்து, கொஞ்சம் திறந்த சமயம். எல்லாரும் வீட்டில் இருக்க, எங்கள் முதலாளிக்கும் மற்ற மூன்று ஊர் முதலாளிகளுக்கும் மட்டும் கோப்பை இல்லாமல் இருக்க முடியவில்லை. நான்கு அணியையும் ஒரே இடத்தில் அடைத்துப்போட்டு, வெளியாள் வாடையே இல்லாமல் போட்டியை நடத்தி முடிப்பது என்று தீர்மானம். பாலம் தாண்டி, தீவில் இருக்கிற அக்காள்மடத்தில் முதலாளிக்கு ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. கல்யாணம் இல்லாததால் அதுவும் சும்மா கிடந்தது. கார் நிறுத்துகிற சிமெண்டுத் தரையில் கோடு போட்டு இரண்டு பக்கமும் வளையம் நட்டார்கள். எங்கள் அணி மண்டபத்தில். மற்ற மூன்றும் பக்கத்து லாட்ஜில். நடுவில் தகரம் அடித்த பாதை.

எங்கள் அப்போதைய மேனேஜர் சுந்தரவடிவேல் முதல் நாள் எல்லாரையும் மணமேடைக்கு முன்னால் உட்காரவைத்து விளக்கினார். அவர் பேக்டரியில் ஐஸ் பாறைக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்தவர். பந்தைக் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. எதற்கும் ஒரு சர்க்குலர் வைத்திருப்பார். மூக்குக்கு ஒரு மாஸ்க், அதன் மேல் இன்னொரு மாஸ்க், அதற்கும் மேல் கண்ணாடித் தகடு. பேசும்போது மட்டும் மூன்றையும் கழுத்துக்கு இறக்கிவிட்டுப் பேசுவார். நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார்.

"இதுக்குப் பேரு பபுள். அப்படின்னா குமிழி. நாம எல்லாரும் இப்ப ஒரு குமிழிக்குள்ள இருக்கோம்" என்றார்.

"எந்தக் குமிழி சார்? சோப்பு நொரையில வருமே, அதுவா?" என்று கேட்டேன்.

"அதேதான் ராக்கம்மா."

"அது தொட்டா ஒடைஞ்சிருமே சார்."

"தொடக்கூடாதுன்னுதானே சர்க்குலர் போட்டிருக்கு!"

சர்க்குலரில் என்னென்ன இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். பந்தைக் கால் மணி நேரம் சோப்புத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் அப்படி ஊறிய பந்து யார் கையிலும் நிற்காமல் விரால் மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. கிருமியும் தங்கவில்லை, பந்தும் தங்கவில்லை. நடுவர் மாஸ்க்கைக் கழற்றக் கூடாது, ஆனால் விசில் ஊத வேண்டும். அதற்காக மாஸ்க்கில் விசில் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டுக்கொண்டார். ஆட்டம் முடிந்து ஒருவருக்கொருவர் கை குலுக்கக் கூடாது. ஆட்டம் நடக்கும்போது கட்டிப் புரளலாம், முகத்தில் முகம் இடிக்கலாம், அதற்குத் தடை இல்லை.

ஆள் வந்து பார்க்கக் கூடாது என்பதால் போனில் படம் பிடித்துக் காட்டினார்கள். நாற்காலி காலியாகத் தெரிந்தால் அசிங்கம் என்று, கல்யாண நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு போட்டோ அட்டை நிறுத்தினார்கள். எல்லாம் முதலாளி போட்டோ. நூறு முதலாளிகள் கும்பிட்டபடி ஆட்டம் பார்த்தார்கள். கைதட்டல் சத்தத்துக்கு மண்டபத்து ஸ்பீக்கர். அதில் கைதட்டலுக்குப் பக்கத்தில் வேறென்னவோ பதிந்திருந்தது போல. முனீஸ் முதல் கூடை போட்டதும் கெட்டிமேளம் கொட்டியது. "ஏலே முனீசு, தாலியக் கட்டிருடா!" என்று அணியில் இருந்த தொண்டி ஊர்ப் பையன் சிக்கந்தர் கத்தினான். அன்று ஜெயித்தோம். அதற்குப் பிறகு மேளத்தை மாற்ற வேண்டாம் என்று முதலாளியே சொல்லிவிட்டார்.

காய்ச்சல் பார்க்கத் துப்பாக்கி மாதிரி ஒன்று. வாசலில் வெயிலில் நிற்கவைத்து நெற்றிக்கு நேரே பிடிப்பார் மேனேஜர். ஒரு நாள் பாதி அணிக்குக் காய்ச்சல் காட்டியது. அவர் தன் நெற்றியில் வைத்துப் பார்த்தார். இருந்ததிலேயே அதிகம் அவருக்குத்தான். மற்றவர்களுக்கு 'காய்ச்சல்' என்றும், தனக்கு 'வெயில்' என்றும் நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் முதல் அவரவர் ஈரத் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் அந்த மண்டபத்தில் யாருக்கும் காய்ச்சலே வரவில்லை.

எனக்கு வந்த கஷ்டம் வேறு. மீன் கூடாது என்று சர்க்குலர். நோய் கடலிலிருந்தும் வரலாமாம். முன்பே, சுறா அணிக்குச் சுறாப்புட்டு போட்டால் பெயருக்கு இழுக்கு என்று தடுத்தவர்தான் இவர். கடல் நடுவில் இருக்கிற தீவில் பன்னிரண்டு ஆறடிப் பிள்ளைகளுக்கு நான் சௌசௌ கூட்டு பரிமாறிக்கொண்டிருந்தேன். அந்தக் காயும் வாசலில் மருந்து அடித்து, குளிப்பாட்டி, காயவைத்துத்தான் உள்ளே வரும்.

"ஆத்தா, இத எங்க ஊர்ல ஆட்டுக்குக்கூடப் போட மாட்டோம்" என்றான் சிக்கந்தர்.

முனீஸ் குறை சொல்கிறவன் இல்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒரு துண்டு கருவாடு இருந்தாப் போதும் ஆத்தா. வாடையிலயே சோத்தத் தின்னுபுடுவேன்" என்றான்.

மறுநாளே கருவாடு வந்தது. கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். எப்படி வந்தது என்று மேனேஜர் கேட்கவில்லை. முகத்து மூடி மூன்றையும் இறக்கிவிட்டு உட்கார்ந்து, இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவின பிறகு, "சர்க்குலர்ல மீனுன்னுதான் இருக்கு. கருவாடுன்னு இல்ல" என்றார். அடுத்த பத்து நாளில் எல்லா ஆட்டத்தையும் ஜெயித்து இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம்.

இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் மிச்சக் கருவாட்டில் மீண்டும் அதே குழம்பு. சிக்கந்தர் மைதானத்திலிருந்தே ஓடிவந்தான். "ஆத்தா! ரோடு வரைக்கும் வாடை வருது. பஸ்ஸு நிக்கப் போகுது பாருங்க!" எல்லாரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். ஒரு வாய் வைத்ததும் ஒவ்வொருவனாகத் தண்ணீரை எடுத்தான்.

"என்னாத்தா, கடலயே தூக்கி ஊத்திட்டியளா?"

"உப்பாவா இருக்கு? நாக்கு செத்துப்போச்சு ஒங்களுக்கு. ஆட்டம் ஆட்டம்னு பயந்து செத்துப்போச்சு" என்று சத்தம் போட்டேன். என் உப்பில் குறை சொன்ன ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

முனீஸ் மட்டும் அமைதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் தலையைத் தூக்கி, "இன்னிக்கு என்ன கொழம்பு ஆத்தா?" என்றான்.

என் கையில் கரண்டி நின்றுவிட்டது. கடற்கரை ஊரான மாரியூரில் பிறந்தவன், கருவாட்டுக் குழம்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு என்ன குழம்பு என்கிறான். வாடை தெரியாமல் போனால் அந்த நோய் என்று அப்போது எல்லாருக்கும் தெரியும். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சளி ஆத்தா. மூக்கடைச்சிருக்கு. யார்ட்டயும் சொல்லிறாதிய. நாளைக்கு ஒரு ஆட்டம் மட்டும். அந்த ஆபீசரு போன்ல பாக்குறாரு."

அரசு வேலைக்கு, விளையாட்டு ஒதுக்கீட்டில், ஆள் எடுக்கிற அதிகாரி. மறுநாள் ஆட்டத்தில் முனீஸைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார். அவன் வீட்டில் அவன் ஒருவன்தான் சம்பாத்தியம். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் எங்கள் கோச்சு, சர்க்கரை வியாதிக்காரர், பெரிய மனுஷர், முனீஸ் பக்கத்தில்தான் பாய் போட்டுப் படுக்கிறவர். யோசித்துப் பார்த்து மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் நோட்டைப் புரட்டினார். "முனியசாமிக்கு டெம்பரேச்சர் நார்மல். மூக்கப் பத்தி சர்க்குலர்ல ஒண்ணுமில்ல ராக்கம்மா."

"சர்க்குலருக்கு மூக்கு இல்ல சார். எனக்கு இருக்கு."

அப்படி வாயாடிவிட்டு வந்து, நான்கு எவர்சில்வர் டம்ளர் எடுத்தேன். ஒன்றில் பெருங்காயம், ஒன்றில் காப்பித்தூள், ஒன்றில் கருவாடு. நான்காவது டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, காலியாக வைத்தேன். நான்கையும் மூடி, மூடி மேல் வெற்றிலைச் சுண்ணாம்பால் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு, ஒரு வட்டம் என்று குறி போட்டேன். எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, கண்ணைக் கட்டி, மூடியை லேசாகத் திறந்து முகரச் சொன்னேன். மேனேஜர் சும்மா பார்க்க வந்தார்.

முனீஸ் முறை வந்தது. முதல் டம்ளர், "பெருங்காயம்." இரண்டாவது, "காப்பி." மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிக்கந்தரைப் பார்த்தேன். முனீஸ் பின்னால் நின்று அவன் முதுகில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். ஒரு தட்டு, இரண்டு தட்டு. எது எது இருக்கிறது என்று முன்னால் முகர்ந்தவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

"சிக்கந்தரு, அங்கிட்டுப் போயி நில்லு" என்றேன். மூன்றாவதைத் தாண்டி, வட்டம் போட்ட டம்ளரை எடுத்து முனீஸ் மூக்குக்குக் கீழே திறந்தேன்.

நன்றாக இழுத்து முகர்ந்தான். முகமே மலர்ந்தது. "கருவாடு! எங்க ஊருக் கருவாடு ஆத்தா!"

கண் கட்டை அவிழ்த்துக் காலி டம்ளருக்குள் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் வந்து எல்லாருக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார். முனீஸ், சிக்கந்தர், இன்னும் நான்கு பேர், கோச்சு, நான். எட்டுப் பேருக்கு இருந்தது. போட்டி நின்றது. கோச்சு மதுரை ஆஸ்பத்திரியில் பல நாள் ஆக்ஸிஜனில் கிடந்து, எப்படியோ பிழைத்து வந்தார். யார் கொண்டுவந்தது என்று விசாரணை வைத்தார்கள். மேனேஜர் நோட்டில் ஒன்று எழுதியிருந்தது. முனீஸின் அம்மா ஒரு நாள் வந்து கேட்டுக்கு வெளியே நின்று, இவன் உள்ளே நின்று, நடுவில் பத்தடி தள்ளிப் பேசியிருக்கிறார்கள். அது போதுமாக இருந்தது.

"வேற யாராச்சும் வெளிய போனீகளா?" என்று மேனேஜர் கேட்டார். முனீஸ் என்னை ஒரு பார்வை பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. அந்தப் பழியைக் கேள்விப்பட்டு அதிகாரி வேறு ஆளை எடுத்துக்கொண்டார்.

எனக்கு என்ன கிடைத்தது தெரியுமா? துப்பாக்கி கண்டுபிடிக்காததை மூக்கு கண்டுபிடித்தது என்று முதலாளி கையால் ஒரு சால்வை. "பாவம் ராக்கம்மா, பயலுகளுக்குச் சோறு போட்டே வாங்கிக்கிட்டா" என்று மேனேஜர் மைக்கில் பேசினார். சால்வை பச்சைக் கலர். ஜரிகை நல்ல ஜரிகை.

இனிமேல் சொல்லப்போவதைத்தான் இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொல்லவில்லை.

பந்தி நடக்கிற கூடத்துக்கு ஒரு பின்கதவு உண்டு. எச்சில் இலை கொண்டுபோய்ப் போடுகிற கதவு. விருந்தாளி யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. அப்படி ஒரு கதவு இருப்பது மேனேஜருக்கும் தெரியாது, சர்க்குலருக்கும் தெரியாது. சாவி என் இடுப்பில் இருந்தது. முனீஸ் கருவாடு கேட்ட மறுநாள், எல்லாரும் பயிற்சியில் இருக்கும்போது அந்தக் கதவைத் திறந்துகொண்டு நான் போனேன். மெயின் ரோட்டில் கருவாடு விற்கிற செல்லக்கண்ணு என் பழக்கம். வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். போன இடத்தில் வெற்றிலை போடாமல் எப்படி வருவது? மாஸ்க்கை இறக்கிவிட்டு அவள் பையிலிருந்தே எடுத்துப் போட்டேன். ஒரே வெற்றிலையைக் கிழித்து ஆளுக்குப் பாதி. அரை மணி நேரம் ஊர்க்கதை பேசினோம். நடுநடுவே இருமினாள். "புகையிலதான்க்கா" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

திரும்பி வரும்போது முனீஸ் பின்கதவுக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். பொட்டலத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தான். சால்வை போட்ட பிறகு நான் செல்லக்கண்ணுவைப் பார்த்தபோது அவளே சொன்னாள். "நீங்க வந்தீகல்ல, அன்னிக்கே எனக்கு வெத்தலை ருசியே இல்லக்கா. அதுக்கு மறுநாள் படுத்தவதான்."

டம்ளரில் ஏன் சுண்ணாம்புக் குறி போட்டேன் என்று யாரும் கேட்கவில்லை. நான்கையும் மூடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். பெருங்காயமும் காப்பியும் கருவாடும் காலி டம்ளரும் நான்கும் எனக்கு ஒன்றாகவே இருந்தன. மூடிவிட்டால் எது எது என்று எனக்கே தெரியாது, அதற்குத்தான் குறி. அந்த நிமிஷத்தில் உப்புக் கூடியது ஏன் என்று புரிந்தது. நாக்கு செத்தது அவர்களுக்கு அல்ல, மூக்கு செத்தது எனக்கு. அவனுக்கு முன்னால் எனக்கு வந்திருக்கிறது. என்னிடமிருந்துதான் அவனுக்குப் போயிருக்கிறது. அது தெரிந்துதான் நான் அவன் கண்ணைக் கட்டினேன். நோயைச் சொன்னது சரி. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. கதவைச் சொல்லாததுதான் தப்பு. 'என் மூக்கு தவறாது' என்கிற பெயரை விட எனக்கு மனசு வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பையனின் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

முனீஸ் வருஷா வருஷம் பொங்கலுக்கு மாரியூரிலிருந்து எனக்குக் கருவாடு கொண்டுவருகிறான். "இப்ப மூக்கு எப்படி இருக்கு ஆத்தா?" என்பான். அவ்வளவுதான். எனக்கு வாடை திரும்பிவிட்டது, முழுசாகத் திரும்பிவிட்டது. அதைச் சமைக்கிற அன்று தெரு வரை மணக்கும். நான் மட்டும் மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிடுவேன்.

கமிட்டிக்காரர்களுக்கு ஒன்று. பிள்ளைகளை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று தேடுகிறீர்கள். வாயைத் திறந்திருந்தால் தன் பெயரும் வேலையும் பிழைத்திருக்கும் என்று தெரிந்தும், சோறு போட்டவளைக் காட்டிக்கொடுக்காதவனிடம் ஒப்படையுங்கள். அந்த வரியை அடித்துவிட்டு, 'சமையல்காரி ராக்கம்மாள் பின்கதவைத் திறந்ததால்' என்று போடுங்கள். பெயரைச் சரியாகப் போடுங்கள். சால்வையைத் துவைத்து மடித்து இந்தத் தாளோடு அனுப்புகிறேன். அதைப் பழைய மேனேஜரின் காய்ச்சல் துப்பாக்கிக்குப் போர்த்துங்கள். அந்த ஈரத் துண்டுக்கு அப்புறம் அது யாரையும் குறை சொல்லவில்லை.

கவிநிலா பேனாவை மூடப்போனவள் நிமிர்ந்து பார்க்கிறாள். "அப்பத்தா, இத நெசமாவே போடணுமா? ஊரே வாசிக்கும்" என்கிறாள்.

வாசிக்கத்தானேடி அச்சடிக்கிறாங்க. எங்க, நீ இப்ப ஒருக்கா வாசி, கேப்போம். என் வயசச் சொன்ன எடத்துல இருந்து வேணாம். கதவத் தொறந்த எடத்துல இருந்து வாசி. அப்பத்தா மேல உள்ள பாசத்துல எங்கனயாச்சும் அதச் சாத்தி எழுதியிருக்கியான்னு நான் பாக்கணும்.